கேட்பவரும் விலகுபவரும்: நீண்டகால உறவில் நெருக்கமும் பிணக்கும்

கணவன் மனைவியரில் ஒருவர் ஒரு பிரச்சினையைப் பேச முன்வரும்போது மற்றவர் பேச்சைத் தவிர்ப்பதும், அவர் தவிர்க்கத் தவிர்க்க முதலாமவர் மேலும் வற்புறுத்துவதும் நீண்டகால உறவுகளில் பரவலாகக் காணப்படும் பிணக்கு முறையாகும். உளவியலில் இதனைக் கோரல்–விலகல் முறை எனலாம். மணமான புதிதில் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரே சண்டை திரும்பத் திரும்ப நடக்கிறது. பணம், பிள்ளையின் படிப்பு, மாமியார் வீடு எனக் காரணம் மாறும். சண்டையின் உருவம் மாறாது.

"இந்த மாசம் சீட்டுப் பணம் கட்டிட்டீங்களா?" என்று மனைவி கேட்கிறார். "பாத்துக்கலாம் விடு" என்று கணவர் கைபேசியைப் பார்த்தபடி சொல்கிறார். "எப்பக் கேட்டாலும் இதே பதில்தான்" என்று மனைவியின் குரல் உயர்கிறது. கணவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். இரவு உணவின்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. சீட்டுப் பணம் கட்டப்பட்டதா என்பது அப்போதும் தெரியவில்லை.

யார் தொடங்கியது?

கணவரைக் கேட்டால், "அவள் நச்சரிக்கிறாள், அதனால் ஒதுங்குகிறேன்" என்பார். மனைவியைக் கேட்டால், "அவர் ஒதுங்குகிறார், அதனால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது" என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் ஆகியோர் மனிதத் தொடர்பாடல் பற்றி 1967-இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ இதே எடுத்துக்காட்டைத் தந்துள்ளனர். தொடர்ந்து ஓடும் ஒரு வட்டத்தை ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் வெட்டி, அதையே தொடக்கம் என்கின்றனர் என்பது அவர்களது விளக்கம். தன் செயல் வெறும் பதில் என்றும் அடுத்தவர் செயலே காரணம் என்றும் இருவரும் நம்புவதால், முதலில் நிறுத்த வேண்டியவர் அடுத்தவரே என்று இருவரும் காத்திருக்கின்றனர்.

பெண்ணின் இயல்பா?

கேட்பவர் மனைவி, விலகுபவர் கணவர் என்ற நிலை அதிகம் காணப்படுவதால், இதைப் பெண்ணின் இயல்பு, ஆணின் இயல்பு என்று சொல்லிவிடுவது எளிது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோபர் ஹீவி ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. மனைவி விரும்பும் மாற்றம் ஒன்று, கணவர் விரும்பும் மாற்றம் ஒன்று என இரு பொருள்களைப் பற்றித் தம்பதியரைப் பேசவைத்து அவர்கள் கவனித்தனர். மனைவி மாற்றம் விரும்பிய பேச்சில் வழக்கமான நிலை தெளிவாகத் தெரிந்தது. கணவர் மாற்றம் விரும்பிய பேச்சில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. யாருக்கு மாற்றம் தேவையோ அவர் கேட்கிறார். இப்போதைய ஏற்பாடு யாருக்கு வசதியோ அவர் பேச்சைத் தவிர்க்கிறார்.

இது சிந்திக்கத்தக்கது. வீட்டுவேலையும் பிள்ளை வளர்ப்பும் ஒருவர் தலையிலேயே இருக்கும்போது, பேசாமல் இருந்தாலே மற்றவருக்கு வேண்டியது நடந்துவிடுகிறது. பேசினால்தான் இழப்பு. 'நச்சரிப்பு' என்று பெயரிடப்படுவது பல வீடுகளில் நியாயமான ஒரு கோரிக்கை பத்தாவது முறையாகச் சொல்லப்படுவதுதான். எனினும் ஆண்கள் சற்றுக் கூடுதலாக விலகும் போக்கும் ஆய்வுகளில் காணப்படுவதால், முழுக் காரணமும் இதுவே என்று கூற இயலாது. பிரேசில், இத்தாலி, தைவான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், இம்முறை மிகுந்திருந்த இணையரிடம் மனநிறைவு குறைந்திருந்தது.

விலகுபவரின் உடலில்

பேசாமல் இருப்பவர் அமைதியாக இருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் ஆகியோர் தம்பதியரை விவாதிக்கவைத்து, அப்போது அவர்களின் இதயத்துடிப்பு முதலியவற்றையும் அளந்தனர். வெளியே கல்லாக அமர்ந்திருப்பவரின் உடல் உள்ளே கொந்தளித்துக்கொண்டிருக்கலாம். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் நிலையில் மற்றவர் சொல்வதைச் சரியாக உள்வாங்க முடியாது என்கிறார் காட்மன். குறைந்தது 20 நிமிட இடைவெளி எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடரும்படி அவர் பரிந்துரைக்கிறார். இங்கு தொடர்வது என்பதே முக்கியம். எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லாமல் எழுந்து போவது, காத்திருப்பவருக்கு இன்னொரு விலகலாகவே படும்.

கேட்பவரின் மனத்தில்

தாயைப் பிரியும் குழந்தையின் அழுகையை விளக்க ஜான் பௌல்பி வகுத்த பற்றுக் கோட்பாட்டை, 1987-இல் சின்டி ஹசான், பிலிப் ஷேவர் ஆகியோர் வளர்ந்தோரின் காதலுக்கும் விரித்தனர். இதன்படி, நெருக்கமானவர் எட்டாமல் போகும்போது எழும் கோபம் வெறுப்பன்று. அருகே வா என்ற அழைப்பு. சீட்டுப் பணம் பற்றிய கேள்விக்கு அடியில், "நான் சொல்வது உங்களுக்குப் பொருட்டா?" என்ற கேள்வி இருக்கலாம். ஆனால் அது குற்றச்சாட்டின் குரலில் வெளிவருவதால், அழைக்கப்பட்டவர் இன்னும் தள்ளிப் போகிறார்.

தமிழ் அக இலக்கியம் கூறும் ஊடலையும் இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. ஊடல் மருதத் திணையின் உரிப்பொருள்; திருக்குறளின் இறுதி அதிகாரத்தின் பெயரே ஊடலுவகை. புலவியை உணவிலிடும் உப்புக்கு ஒப்பிட்டு, அது அளவோடு இருக்க வேண்டும் என்றும் வள்ளுவர் எச்சரிக்கிறார். ஊடலில் விலகுபவர், தம்மை மற்றவர் தேடி வருவார் என்று எதிர்பார்த்தே விலகுகிறார். கோரல்–விலகலில் விலகுபவர் தம்மைத் தேடி வர வேண்டாம் என்று விரும்புகிறார்.

சிகிச்சை

கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் உருவாக்கிய இணையர் சிகிச்சையில், சண்டையைத் தீர்ப்பதற்கு முன் அதை இருவரும் ஒரே பக்கம் நின்று பார்க்கப் பழக்குகின்றனர். 'நீ செய்தாய்' என்பதற்குப் பதிலாக, 'நேற்று அது மறுபடி வந்துவிட்டது' என்று சண்டையை மூன்றாவது ஆளாக்கிப் பேசுகின்றனர். லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் நகரங்களில் 134 தம்பதியரிடம் இச்சிகிச்சையும் மரபான நடத்தைச் சிகிச்சையும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகளுக்குப் பின், இரண்டிலும் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னேற்றம் கண்டிருந்தனர்; சுமார் கால்பங்கினர் பிரிந்திருந்தனர்.

கடுமையான வன்முறை இருந்த இணையர் அச்சோதனையில் சேர்க்கப்படவில்லை. அடிக்கு அஞ்சி வாய்மூடி இருப்பது தற்காப்பு. அங்கே இருவருக்கும் சம பங்கு உண்டு என்ற மேற்கண்ட விளக்கம் பொருந்தாது.