உப்புக் காற்றில் சிலிக்கோன் வயர்

1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி மாலை, சீனக்குடா ஓடுபாதையிலிருந்து 50க்கு மேற்பட்ட அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் கிழக்கு நோக்கிக் கிளம்பின. சுமாத்திராவின் பலெம்பாங்கில், அப்போது யப்பானியர் வசமிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம்தான் இலக்கு. போய்த் திரும்ப 6,000 கிலோமீற்றருக்கும் மேல். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் நம் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட கதை ஊரில் இன்றும் பேசப்படுகிறது. இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மின்கம்பி பற்றிய கட்டுரையில் இந்த விமானம் ஏன் வருகிறது? உயரத்தில் காற்று ஐதாகிவிடும். அங்கும் இயந்திரத்துக்கு மூச்சு முட்டாமல் இருக்க, கழிவுப்புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தித் தரும் சுழலிகள் பி-29இல் இருந்தன. அவற்றின் மூட்டுகளில் சாதாரண இறப்பர் கருகிவிடும். ஒரு பக்கம் கழிவுப்புகையின் சூடு, மறுபக்கம் வெளியே உறைநிலைக்கும் பல பாகை கீழான குளிர். இரண்டையும் தாங்கும் ஒரு புது இறப்பரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அப்போதுதான் செய்து பார்த்திருந்தது. சிலிக்கோன் இறப்பர் முதன்முதலில் வேலைக்கு வந்த இடங்களில் அந்தச் சுழலிகளும் ஒன்று. இன்று பாடசாலைப் பிள்ளைகள் றோபோ செய்யவும், இளைஞர்கள் மின்சைக்கிள் கட்டவும், தோணிக்காரர் எல்.ஈ.டி. விளக்குப் பொருத்தவும் வாங்குகிற மெதுவான சிவப்பு, கறுப்பு வயரின் மேலுறை அதே குடும்பத்துப் பொருள்தான்.

இந்தப் பொருளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கல்லூரி வேதியியலாளர் பிரெடரிக் கிப்பிங். குடுவையில் தேங்கிய பிசுபிசுப்பான கூழ் அவருக்குத் தொல்லையாகவே பட்டது. இத்துறை வேகமாக முன்னேறும் நம்பிக்கை தமக்கு அதிகமில்லை என்று 1937இல் ஒரு பேருரையில் சொல்லியும் விட்டார். மூன்றே ஆண்டுகளில், 1940இல், யூஜின் ரொக்கோ சிலிக்கன் தூளையும் மெதைல் குளோரைட்டையும் நேரடியாகச் சேர்த்து மலிவாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு ஊக்கியாக வேண்டியது செம்பு. மூலப்பொருள் வெண்மணலிலும் குவார்ட்ஸிலும் உள்ள சிலிக்கா. நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கருமணல் இதற்கு ஆகாது. அது டைட்டானியத்துக்கான இல்மனைற்று.

பி.வி.சி., பொலித்தீன் எல்லாம் காபன் அணுக்கள் கோத்த சங்கிலிகள். சிலிக்கோனின் முதுகெலும்பு சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறி வரும் சங்கிலி. அந்தப் பிணைப்பு காபன்-காபன் பிணைப்பைவிட வலியது. அதனால் சூட்டுக்கும் வெயிலுக்கும் எளிதில் அறாது. அதே நேரம் அந்தச் சங்கிலி தன் மூட்டுகளில் தடையில்லாமல் சுழலும்; ஆகவே கடுங்குளிரிலும் விறைக்காது. −60 முதல் 200 பாகை செல்சியஸ் வரை என்று விற்பனைத் தாளில் போடுவது இதனால்தான். வீட்டுச் சுவருக்குள் ஓடும் சாதாரண பி.வி.சி. வயருக்கு எல்லை 70 பாகை. எரிந்தாலும் வித்தியாசம் உண்டு. பி.வி.சி. எரிந்தால் ஐதரோகுளோரிக் அமில வாயு வரும். சிலிக்கோன் எரிந்தால் மின்கடத்தாத வெண்சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலும் சிலிக்காதான்.

200 பாகை என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் இந்த வயரை வாங்குகிறார்கள். எனக்கு அது இந்த வயரின் மிகச் சிறிய சிறப்பாகத்தான் படுகிறது. வயர் 150 பாகைக்குச் சூடேறும் நிலையில் உங்கள் பற்றரியின் சக்தி விளக்குக்கோ மோட்டோருக்கோ போகாமல் வழியிலேயே தீர்ந்துகொண்டிருக்கிறது. முனையில் வைத்த ஈயம் 183 பாகையில் உருகத் தொடங்கும், எக்ஸ்.ரி.60 போன்ற மஞ்சள் இணைப்பிகளின் பிளாஸ்ரிக் அதற்கு முன்பே இளகலாம். செம்பின் தடையும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 பாகையிலிருந்து 120க்கு ஏறினால் தடை ஐந்தில் இரண்டு பங்கு அதிகம். சூட்டைத் தாங்கும் உறை கைப்பிழைக்கு ஒரு காப்பு, அவ்வளவே. ஈயம் வைக்கும்போது சூட்டுக்கோல் தவறிப் பட்டாலும் உறை உருகிச் சுருளாது என்பதுதான் அன்றாடத்தில் கிடைக்கும் பலன்.

உண்மையான சிறப்பு உள்ளே இருக்கும் செம்பு இழைகளில். 12 ஏ.டபிள்யூ.ஜி. என்று விற்கப்படும் நல்ல சிலிக்கோன் வயரில் 0.08 மி.மீ. விட்டமுள்ள இழைகள் 680 இருக்கும். கணக்குப் போட்டால் செம்பின் குறுக்குப் பரப்பு 3.4 சதுர மி.மீ. வீட்டு பிளக்குகளுக்கு மின்னியலாளர் இழுக்கும் 7/0.67 வயரில் ஏழே இழைகள், 2.5 சதுர மி.மீ. ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். ஆகவே அதே அளவு செம்பை 680 இழைகளாகப் பிரித்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விட்டால், விறைப்பு ஏறத்தாழ 680இல் ஒரு பங்காகிவிடும். மரத்தடிக்கும் கயிற்றுக்கும் உள்ள வேறுபாடு இது. 4 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 2 மி.மீ. தடித்த ஒற்றைக் கம்பியைச் சுற்றினால் அதன் வெளிப்புறம் 5 சதவீதம் இழுபடும். அப்படிச் சில தடவை வளைத்து நிமிர்த்தினால் முறிந்துவிடும். 0.08 மி.மீ. இழையோ 0.2 சதவீதம்தான் இழுபடும். றோபோவின் கையும் சைக்கிளின் கைப்பிடியும் ஆயிரக்கணக்கான தடவை ஆடினாலும் இந்த வயர் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது ‘12 கேஜ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய ஆங்கில அளவான எஸ்.டபிள்யூ.ஜி.யில் 12 என்றால் 5.5 சதுர மி.மீ.; அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி.யில் 3.3. இரண்டிலும் எண் கூடினால் கம்பி மெலியும் என்பது மட்டும் பொது. அமெரிக்க அளவில் மூன்று எண் கூடும்போது செம்பு பாதியாகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வரவழைத்தாலும் எத்தனை சதுர மி.மீ., எத்தனை இழை என்று கேளுங்கள். இழையின் விட்டம் தெரிந்தால் மீதியை நீங்களே கணக்கிடலாம்.

கணக்கு கடினமில்லை. ஒரு சதுர மி.மீ. செம்பின் தடை மீற்றருக்கு 0.017 ஓம். தோணியின் பின்னணியத்தில் 12 வோல்ற் பற்றரி, முன்னணியத்தில் 10 அம்பியர் இழுக்கும் விளக்குகள், இடைவெளி 5 மீற்றர் என்று வைப்போம். போக 5, வர 5, மொத்தம் 10 மீற்றர். 16 ஏ.டபிள்யூ.ஜி. வயரில், அதாவது 1.27 சதுர மி.மீ.யில், 1.34 வோல்ற் வழியிலேயே போய்விடும். பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 12 ஏ.டபிள்யூ.ஜி. போட்டால் இழப்பு அரை வோல்ற். வயர் ‘தாங்கும்’ அம்பியர் என்று உறைப்பெட்டியில் அச்சிடும் பெரிய எண்கள் வயரைச் சுடச்சுட வைத்து எடுத்தவை. அவற்றில் பாதியைக்கூட நான் நம்புவதில்லை.

இனி நம் ஊர் விவகாரம். வாடை பெய்து ஓய்ந்தாலும் கச்சான் அடித்தாலும் துறைமுகத்தைச் சுற்றிய காற்றில் உப்பு இருக்கும். சிலிக்கோன் இறப்பர் தண்ணீரை ஒட்டவிடாது. ஆனால் நீராவியை மற்ற பிளாஸ்ரிக்குகளைவிடத் தாராளமாக உள்ளே விடும். இது பலருக்குத் தெரியாத குறை. அதைவிட மோசமானது வெட்டிய முனை. 680 மெல்லிய இழைகளுக்கிடையே உள்ள வெளிகள் நுண்குழாய்கள். ஒரு துளி கடல்நீர் பட்டால் உறைக்குள்ளே தூரம் ஏறிவிடும். இழை மெலிய மெலிய அரிக்கக் கிடைக்கும் மேற்பரப்பு கூடும். வெளியே சிவப்பு உறை புதிதாக மினுங்க, உள்ளே செம்பு கறுத்து, பச்சை படிந்து, விரலால் நெரித்தால் பொடியாகும்.

ஆகவே வெள்ளீயம் பூசிய இழைகள் உள்ள வயரையே இங்கு வாங்க வேண்டும். இழை வெள்ளி நிறமாகத் தெரியும். அந்த நிறத்தை வைத்தே ஏமாற்றுவதும் உண்டு: செம்பு பூசிய அலுமினியத்தின் மேல் வெள்ளீயம் தடவிய மலிவு வயர். ஓர் இழையைச் சவர அலகால் சுரண்டுங்கள். ஆழத்திலும் சிவப்பு இருந்தால் செம்பு. இன்னும் சந்தேகமானால் ஒற்றை இழையை லைற்றர் சுவாலையில் பிடியுங்கள். செம்பு சிவந்து ஒளிரும். அலுமினியம் 660 பாகையில் உருகி உருக்குலையும். அதன் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், ஈயமும் சரியாகப் பிடிக்காது. நிறுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

முனையை மூடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிக்கோனில் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக ஒட்டாது. உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ரியூப் பி.வி.சி. வயரை நன்றாகக் கவ்வும். சிலிக்கோன் மேல் அதன் பசை இறுக்கமாக இருக்கும், ஒட்டியிருக்காது. முனையில் சிலிக்கோன் பசை தடவுவது நல்லது. குளியலறை ஓட்டை அடைக்கும் பசையில் வினாகிரி மணக்கும் வகையை மட்டும் தொடாதீர்கள். அது காயும்போது அசற்றிக்கமிலம் வெளிவிட்டுச் செம்பை அரிக்கும். மணமில்லாத ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கோன் நாடாவும் கிடைக்கிறது. அதை இழுத்துச் சுற்றினால் போதும்.

பெற்றோல் இயந்திரத்தின் பக்கத்தில் இந்த வயர் வேண்டாம். சிலிக்கோன் பெற்றோலை உறிஞ்சி ஊதிப் பருக்கும், வலுவிழக்கும். ஓர் ஆணியோ மீன்முள்ளோ கீறினால் கீறல் தானாக நீண்டுகொண்டே போகும். எலிக்கும் அதைக் கடிப்பது கடினமில்லை. தோணியில் அசையாமல் நிலையாக ஓடும் வயருக்கு என் பரிந்துரை, கூரைச் சூரியப் பலகைகளுக்கு இழுக்கும் சோலார் கேபிள். வெள்ளீயம் பூசிய செம்பு, இரட்டை உறை, வெயிலுக்கென்றே செய்தது. சாம்பூரில் 2025 ஏப்ரலில் கட்டுமானப் பணி தொடங்கிவைக்கப்பட்ட 120 மெகாவாற் சூரிய மின்நிலையம் போன்றவற்றில் போடுவதும் இந்த வகைதான். அது விறைப்பானது, நிலையான இடத்தில் விறைப்பு குறையல்ல. ரெஜிபோமில் சிறு விமானம் செய்யும் பிள்ளைகளுக்கு மறுபக்கச் செய்தி: பி.வி.சி. வயரிலுள்ள மெதுவாக்கி எண்ணெய் கசிந்து ரெஜிபோமைக் கரைக்கும். சிலிக்கோனில் அந்த எண்ணெய் இல்லை.

உறையை உரிக்கும்போது வயரைச் சுற்றி அலகால் இலேசாகக் கீறி, நகத்தால் இழுத்தால் உறை தானாகக் கிழிந்து வரும். அழுத்தி வெட்டினால் வெளிச்சுற்று இழைகள் போகும். பத்து இழை போனால் கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும். ஈயம் வைக்கத் தடித்த முனையுள்ள, 60 வாற்றுக்குக் குறையாத சூட்டுக்கோல் வேண்டும். இத்தனை செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு ஓடும். விரைவாக வைத்து விரைவாக எடுங்கள். தாமதித்தால் ஈயம் இழைகளுக்கிடையே உறைக்குள் ஏறி, மெதுவான வயரின் ஒரு துண்டு ஆணிபோல் விறைத்துவிடும். பிறகு அதிர்வு வந்தால் விறைத்த பகுதி முடியும் இடத்திலேயே முறியும். அதனால்தான் இயந்திரம் அதிரும் இடங்களில் ஈயத்தைவிட நெரித்துப் பொருத்தும் செம்புக் காதுகள் மேல். வயரை ஒரு சாண் தள்ளிப் பட்டியால் கட்டி, இழுவிசை முனைக்குப் போகாமல் செய்யுங்கள்.

பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் கட்டாயம். 12 வோல்ற் தொட்டால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது என்பது சரி. ஆனால் அதே பற்றரி குறுக்குத் தொடுப்பில் நூற்றுக்கணக்கான அம்பியரைத் தள்ளும், தோணியின் நார்க்கண்ணாடி உடல் எரியும். 10 அம்பியர் விளக்குக்கு 15 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் காப்பது வயரை, விளக்கையல்ல; ஆகவே வயர் தாங்குவதைவிடப் பெரிய பியூஸ் ஒருபோதும் வேண்டாம்.

230 வோல்ற் வீட்டு மின்சாரத்துக்கு இந்த வயரைப் பயன்படுத்தவே வேண்டாம். விற்பவர் ‘600 வோல்ற்’ என்று எழுதியிருந்தாலும், கீறினால் கிழியும் ஒற்றை உறை அது. வீட்டுக்கு எஸ்.எல்.எஸ். முத்திரை பெற்ற கேபிளும் தகுதி பெற்ற மின்னியலாளரும் வேண்டும். ஆடுகிற, வளைகிற, சுடுகிற இடத்தில் 12 வோல்ற் வேலை இருந்தால், வெள்ளீயம் பூசிய இழையும் தேவைக்கு ஒரு படி தடித்த செம்பும் உள்ள சிலிக்கோன் வயரைத் தயங்காமல் வாங்குங்கள். இரண்டு முனைகளையும் அன்றைக்கே மூடுங்கள்.