பஞ்சிழையும் நம் உடலும்

கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் பருத்தி பயிரிடும் விவசாயிகளுக்குப் பஞ்சு புதிய பொருளன்று. ஆயினும், பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு என்பதைப் பலர் அறிந்திரார்.

செல் என்றும் வழங்கப்படும் உயிரணு, பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. பருத்தி இதற்கு ஒரு விலக்கு. பூ மலர்ந்ததும் விதைத் தோலின் மேற்புறத்திலுள்ள சில உயிரணுக்கள் ஏறக்குறைய மூன்று வாரம் நீண்டு வளர்கின்றன. பின்னர் அவற்றின் சுவர் உட்புறமாகத் தடிக்கின்றது. காய் வெடித்தபின் அவை உலர்ந்து பஞ்சாகின்றன. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த கருங்கண்ணி இரகங்களுக்கும் இது பொருந்தும்.

நம் உடலும் உயிரணுக்களால் ஆனதே. ஒரு வேலைக்கென ஒன்றுகூடிய உயிரணுக்களின் தொகுதி திசு எனப்படும். திசுக்கள் நால்வகை. தோலின் மேற்பரப்பையும் குடலின் உட்பரப்பையும் போர்த்தியிருப்பது மேலுறைத் திசு. எலும்பு, தசைநாண், கொழுப்பு, இரத்தம் ஆகியவை இணைப்புத் திசு. அசைவைத் தருவது தசைத் திசு. கட்டளையைக் கொண்டு செல்வது நரம்புத் திசு.

இந்நான்கினையும் விவசாயி அறிந்திருத்தல் ஏன் அவசியம்? பருத்திக்குத் தெளிக்கும் பூச்சி மருந்துகளுள் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை தோலின் வழியாகவும் உள்ளே புகும். இரத்தம் அவற்றை உடலெங்கும் கொண்டு செல்லும். நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்து தசைக்குக் கட்டளையிடுகின்றது. வேலை முடிந்ததும் அப்பொருளை ஒரு நொதி அழித்துவிடும். நஞ்சோ அந்நொதியை முடக்கிவிடுகின்றது. கட்டளை ஓயாமல் தொடர்வதால் தசைகள் துடித்துத் தளர்கின்றன. மூச்சுத் தசைகளும் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இவ்வாறு ஒரே நஞ்சு நான்கு திசுக்களையும் தொடர்புபடுத்திக் கேடு விளைவிக்கின்றது.

ஆகவே, மருந்து தெளிப்போர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அணிதல் வேண்டும். காற்றுக்கு எதிராகத் தெளித்தலாகாது. வேலை முடிந்ததும் சோப்பு இட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைத்தல் நலம். மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கண்பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள். இவை தோன்றின், நனைந்த ஆடையை உடனே களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, மருந்துப் புட்டியின் மேலுள்ள சீட்டுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்தாமல் கொண்டு செல்லுதல் வேண்டும்.

தெளிப்புக் காலம் தொடங்குமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊர்க்கூட்டத்தில் இச்செய்திகளை எடுத்துரைப்பார்களாயின், பயிருடன் உழவரின் உயிரும் காக்கப்படும் என்பது நம் துணிபு.