கரன்ட் போனால் கைகொடுக்கும் சீரியம்: பெட்ரோமாக்ஸ் முதல் போன் டார்ச் வரை ஒரே உலோகம்!

ஊட்டியை அடுத்த எமரால்டில் பருவமழை வலுத்தால், மரம் சாய்ந்து கரன்ட் கம்பி அறுந்துபோவது புது விஷயம் இல்லை. குந்தா நீர்மின் திட்டத்துக்குத் தண்ணீர் தேக்கும் அணை இருக்கிற ஊருக்கும் இருட்டில் விலக்கு கிடையாது. கரன்ட் போனதும் இன்று எல்லோரும் போன் டார்ச்சை ஆன் செய்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்த இடத்தில் பெட்ரோமாக்ஸ் இருந்தது.

இரண்டும் வேறு வேறு டெக்னாலஜி. ஆனால் இரண்டின் வெளிச்சத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே உலோகம்: சீரியம். அதன் மூலப்பொருளுக்காக ரொம்ப தூரம் போகவும் வேண்டாம், நம்ம கன்னியாகுமரி கடற்கரை மணலிலேயே இருக்கிறது.

சீரியம் என்றால் என்ன?

அணு எண் 58. 1803-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு கண்டறியப்பட்ட 'சீரிஸ்' என்ற குறுங்கோளின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். 'அரிய மண் உலோகங்கள்' பட்டியலில் இருந்தாலும் இது அவ்வளவு அரிதானது அல்ல. பூமியின் மேலோட்டில் கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கிறது. மற்ற தாதுக்களோடு கலந்து கிடக்கும் இதைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு.

சீரியத்தை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் கிடைக்கும் உப்புதான் சீரியம் நைட்ரேட். நிறமற்ற படிகம், தண்ணீரில் சட்டெனக் கரையும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் நீலகிரி மாதிரி மூடுபனி ஊர்களில் டப்பாவைத் திறந்து வைத்தால் கசகசவென்று ஆகிவிடும்.

இதைச் சூடாக்கினால் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு வெளியேறி, வெளிர் மஞ்சள் தூளாகச் சீரியம் ஆக்சைடு மிஞ்சும். பெட்ரோமாக்ஸின் ரகசியம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

செந்தில் தொட்டதும் மேன்டில் ஏன் உடைந்தது?

'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் காமெடியை மறக்க முடியுமா? செந்தில் கைபட்டதும் மேன்டில் பொடிப்பொடியாகும். அதற்குப் பின்னால் இருப்பது சுத்தமான கெமிஸ்ட்ரி.

கடையில் வாங்கும் புது மேன்டில் ஒரு துணிப்பை. தோரியம் நைட்ரேட்டும் கொஞ்சம் சீரியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தது. முதல் தடவை பற்றவைக்கும்போது துணி எரிந்துபோகும். உப்புகள் ஆக்சைடாக மாறி, துணியின் அதே வடிவத்தில் ஒரு சாம்பல் கூடு நிற்கும். அதன் பிறகு எரிவது துணி இல்லை. சூட்டில் ஜொலிக்கும் அந்தக் கூடுதான். விரல் பட்டால் கதை முடிந்தது.

இதை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். 1885-ல் அவர் கொண்டுவந்த முதல் மேன்டில் பச்சையாக எரிந்தது, விற்கவில்லை. 1891-ல் சரியான கலவை கிடைத்தது: 99% தோரியம் ஆக்சைடு, 1% சீரியம் ஆக்சைடு.

தோரியம் ஆக்சைடு மட்டும் இருந்தால் மங்கலான வெளிச்சம்தான் வரும். சீரியம் அதிகமானாலும் வெளிச்சம் குறைந்துவிடும். தோரியம் வெப்பத்தை வீணாக வெளியே விடாமல் கூட்டைச் சூடாக வைத்திருக்கும். அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் வேலை அந்த ஒரு சதவீதச் சீரியத்துக்கு.

போனுக்குள் எப்படி வந்தது?

போன் டார்ச்சில் இருக்கும் எல்.இ.டி சிப் உண்மையில் நீல ஒளியைத்தான் தருகிறது. அதன் மேல் சீரியம் கலந்த மஞ்சள் பூச்சு ஒன்று உண்டு. நீல ஒளியில் ஒரு பகுதியை அது மஞ்சளாக மாற்றும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். வீட்டு எல்.இ.டி பல்புகள் பெரும்பாலானவற்றிலும் இதே கதைதான்.

வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

* போன் கண்ணாடி, கேமரா லென்ஸ்: பாலிஷ் போட சீரியம் ஆக்சைடு தூள்.
* கார் சைலன்சர் பக்கம்: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சீரியம் மூன்று எலெக்ட்ரான் இழந்த நிலைக்கும் நான்கு இழந்த நிலைக்கும் எளிதாக மாறி மாறிப் போகும். அதனால் ஆக்சிஜனைத் தேவைப்படும்போது கொடுத்து, மிஞ்சும்போது வாங்கிக்கொள்ளும்.
* லைட்டர் கல்: உரசினால் பொறி பறக்கும் சீரியம்-இரும்புக் கலவை. இதுவும் வெல்ஸ்பாக் கண்டுபிடித்ததே.
* தீக்காய மருந்து: வெள்ளி சேர்ந்த களிம்போடு சீரியம் நைட்ரேட் கலந்து, கடுமையான தீக்காயங்களுக்குச் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

மணவாளக்குறிச்சி மணல்

1909-ல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட் தாதுவைக் கண்டுபிடித்தார். ஐரோப்பிய நகரங்கள் கேஸ் விளக்கில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. மேன்டில் செய்யத் தேவையான மூலப்பொருளைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

இன்று அங்கே மணலைப் பிரித்தெடுப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல் நிறுவனம். 1950-ல் தொடங்கப்பட்டு, அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. சாதாரண மணல் கம்பெனி மாதிரி இல்லாமல் அணுசக்தித் துறை ஏன் என்றால், மோனசைட்டில் சீரியத்தோடு கதிரியக்கத் தோரியமும் சேர்ந்தே வருகிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றையும் கையாண்டுதான் ஆக வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு, 2024 அக்டோபர் 1-ல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. மணலை அள்ளினால் கடலரிப்பு கூடும், கதிரியக்கத்தால் புற்றுநோய் வரும் என்பது மீனவ மக்களின் அச்சம். மோனசைட்டை அகற்றினால் கடற்கரையில் கதிரியக்கம் குறையத்தான் செய்யும் என்பது நிறுவனத்தின் வாதம்.

வீட்டில் பழைய மேன்டில் இருக்கிறதா?

தோரியம் மேன்டிலைப் பக்கத்தில் வைத்திருப்பதால் உடம்பில் படும் கதிர்வீச்சு மிகக் குறைவு. அதன் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. உடைந்த கூட்டை வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளிடம் கொடுக்கவே வேண்டாம். தோரியத்துக்குப் பதில் இட்ரியம் சேர்த்த, கதிரியக்கம் இல்லாத மேன்டில்களும் கிடைக்கின்றன.

எமரால்டில் பெட்ரோமாக்ஸ் பரணுக்குப் போயிருக்கலாம். ஆனால் சீரியத்தின் தேவை எல்.இ.டி பல்பு, போன், கார் என்று பரவிவிட்டது. அந்த வெளிச்சத்துக்கான மணலை யார் வாசலில் இருந்து, யார் சம்மதத்தோடு எடுப்பது என்ற கேள்விக்குத்தான் கிள்ளியூர் கடற்கரை பதில் கேட்கிறது.