எட்டடி இடத்தில் ஒரு மாமரம்



"ரெண்டு சென்ட் வீட்டுல மாமரம் வைக்க இடம் ஏது?" என்று பலரும் கேட்கிறோம். சாதாரண மாமரங்களுக்கு 10 மீட்டர் இடைவெளி விடுவார்கள். 'ஆம்ரபாலி' என்ற குட்டை ரகத்துக்கு 2.5 மீட்டர், அதாவது எட்டடி போதும்.

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம் இது. வடநாட்டுத் தசேரியையும் நம்ம நீலத்தையும் சேர்த்து உருவாக்கினார்கள். தசேரி ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்ந்துவிடும். நீலம் வருஷாவருஷம் காய்க்கும். நீலத்தின் அந்த நல்ல குணம் ஆம்ரபாலிக்கும் உண்டு.

கொட்டை போட்டு வளர்த்தால் தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று நம்ப முடியாது. ஆகவே ஒட்டுச்செடிதான் வாங்க வேண்டும். செடியின் உயரத்தைப் பார்த்து மயங்காமல், ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் மூன்றடிக் குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி நடுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருஷம் வரும் பூவையும் கிள்ள வேண்டும். மனசு வராதுதான், ஆனால் அப்போதுதான் மரம் தேறும். காய்க்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் நெருக்கமான கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மாம்பழத்தை ஆறு பேருக்குக் கூறு போடுவோம். கூலி வேலை செய்யும் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "படிச்சதுக்கு ஒரு மரம் வைப்பா" என்றார்.

முதலாண்டு நண்பர்களே, இப்போதே நட்டால் டிப்ளமா கைக்கு வரும் சமயத்தில் மரமும் காய்ப்புக்கு வரும்!