ஒரே 'கம்ப்ரஸ்', வேறு வேறு வேலை!

கடைக் கணக்கையோ சங்க உறுப்பினர் பட்டியலையோ வீட்டுக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸாக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பேக்கப் எடுப்பது அவசியம். பேக்கப் ஃபைல் பெரிதாக இருந்தால் சுருக்கி வைப்போம். இதற்கான ஆப்ஷன்களின் பெயர்களில்தான் குழப்பம் இருக்கிறது. சாஃப்ட்வேர் வேலையில் நான் தினமும் பயன்படுத்தும் டூல்களிலிருந்தே அதை விளக்குகிறேன்.

மைஎஸ்க்யூஎல்

இதன் பேக்கப் டூல் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்'. இதில் 'கம்ப்ரஸ்' என்ற ஆப்ஷன் உண்டு. சுருக்கமாகப் பெரிய எழுத்து 'சி'. இதைக் கொடுத்தால் பேக்கப் ஃபைல் சுருங்கிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? சுருங்காது! சர்வரிலிருந்து வரும் வழியில் மட்டுமே தகவல்கள் சுருக்கப்படும். வந்து சேர்ந்ததும் விரிந்து, முழு அளவில்தான் ஃபைலில் எழுதப்படும். 8.0.18 பதிப்பிலேயே இது கைவிடப்பட வேண்டிய ஆப்ஷன் என்று அறிவித்துவிட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல்

இதன் 'பிஜிடம்ப்' டூலிலும் 'கம்ப்ரஸ்' உண்டு. ஆனால் இது பேக்கப்பையே சுருக்கும். சுருக்கெழுத்து, பெரிய 'இசட்'. இங்கே பெரிய 'சி' கொடுத்தால், டேட்டாபேஸை உருவாக்கும் கட்டளையும் பேக்கப்பில் சேரும். சுருக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாங்கோடிபியின் 'மாங்கோடம்ப்'பிலோ இதே வேலைக்குப் பெயர் 'ஜிஜிப்'.

ஒரே பெயர் வந்த கதை

போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல்லிலேயே 'பிஜிபேஸ்பேக்கப்' என்று இன்னொரு டூலும் உண்டு. முன்பு இரண்டிலும் 0 முதல் 9 வரை ஓர் எண் மட்டும் கொடுப்போம். 2022-ல் வந்த 15-ஆம் பதிப்பில் பேஸ்பேக்கப்புக்குப் புதிய வடிவம் வந்தது: சுருக்கும் முறையின் பெயர், முக்காற்புள்ளி, அளவு. உதாரணம், 'ஜிஸ்டிடி:5'. சுருக்குவது சர்வரிலா நம் கம்ப்யூட்டரிலா என்பதையும் இதில் சொல்லலாம். 2023-ல் 16-ஆம் பதிப்பில் பிஜிடம்ப்பும் முறை, அளவு என்ற அதே வடிவத்துக்கு வந்தது. ஒன்றைக் கற்றால் மற்றதும் புரியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. டூலின் பெயருடன் 'ஹெல்ப்' ஆப்ஷனைக் கொடுத்து, 'கம்ப்ரஸ்' எதைச் சுருக்குகிறது என்று படியுங்கள்.

2. மைஎஸ்க்யூஎல் பேக்கப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். கட்டளைகள் படிக்கும்படி இருந்தால் அது சுருங்கவில்லை. தனியாக ஜிப் செய்துகொள்ளுங்கள்.

3. வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, பேக்கப்பை அதில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

சுருங்கிவிட்டது என்று நம்பி விட்டுவிட்டால், பென் டிரைவில் இடம் தீர்ந்து பேக்கப் பாதியில் நின்றிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நாளில்தான் அது தெரியவரும்.