குப்பை யார் கையால் போகிறது?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் போற்றிவிட்டுக் கலைந்துபோவது அல்ல. அவர் விட்டுச்சென்ற கேள்வியைக் கையில் எடுப்பது. இன்று நாம் எடுத்துக்கொள்வது குப்பை. இலக்கிய மேடையில் குப்பைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம்மில் பலருடைய எழுத்து எந்தத் தெருவிலிருந்து வந்ததோ, அந்தத் தெருவின் தலையில் கட்டப்பட்ட வேலை அது. அதனால் பேசுகிறோம்.

முதலில் நடைமுறையைப் புரிந்துகொள்வோம். 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிக்கப்பட்டது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் சேர்ந்து 200 வார்டுகள் ஆயின. வீட்டு வாசலில் பேட்டரி வண்டியில் ஏறும் குப்பை, குப்பை மாற்று நிலையத்தில் லாரிக்கு மாறுகிறது. பிறகு வடக்கே கொடுங்கையூருக்கோ தெற்கே பெருங்குடிக்கோ போகிறது. கொடுங்கையூரைச் சுற்றி இருப்பவர்கள் வடசென்னையின் உழைக்கும் மக்கள். பெருங்குடிக் கிடங்கோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் கொட்டப்பட்டது. அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

நம் நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வரும் மக்கும் குப்பை. தனியாக எடுத்தால் அது உரம். பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவித்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது, கோடையில் தீப்பிடிக்கிறது. கசியும் கறுப்பு நீர் நிலத்தடி நீரில் இறங்குகிறது. ஆகவே எல்லாம் வீட்டு வாசலில் பிரிப்பதில்தான் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகச் சொன்னன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தரவேண்டியது குப்பையை உண்டாக்குகிறவரின் கடமை. ஆனால் நடப்பது என்ன? வீட்டுக்காரர் கலந்து கொடுப்பதைத் தொழிலாளி தன் கையை விட்டுப் பிரிக்கிறார். நாப்கினும் உடைந்த கண்ணாடியும் அவர் விரலில் படுகின்றன. சட்டம் குடிமகனுக்கு வைத்த கடமையைச் சாதி தொழிலாளியின் கைக்கு மாற்றிவிட்டது.

ஒப்பந்த முறையும் இதற்குத் துணைபோகிறது. சென்னையில் 2000ஆம் ஆண்டிலிருந்தே சில மண்டலங்களின் குப்பை தனியாரிடம் போகத் தொடங்கியது. டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஒப்பந்தத்தில் எடை கூடினால் வருமானம் கூடும். பிரித்து எடையைக் குறைப்பது நிறுவனத்துக்கு நட்டம். எந்த வகை ஒப்பந்தமானாலும் குப்பை அள்ளுவது கையுழைப்பு. அதில் செலவைக் குறைக்க எளிதான இடம் கூலி. தனியார்மயத்தின் இலாபம் பெரும்பாலும் நம் பெண்களின் சம்பளத்திலிருந்தே வருகிறது.

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் அமர்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அப்போது நம் முகாமிலேயே ஒரு கேள்வி எழுந்தது: நிரந்தரம் கேட்பது இந்தத் தொழிலிலேயே நம் மக்களைக் கட்டிப்போடுவது ஆகாதா?

கேள்வி நேர்மையானது. குப்பையிலிருந்து வெளியேறுவதே நம் இலக்கு. ஆனால் குறைந்த கூலியும் நாளை வேலை இருக்குமா என்ற அச்சமும் யாரையும் வெளியேற்றுவதில்லை. அம்மா விழுந்த இடத்தில் மகளைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. மாதச் சம்பளமும் வைப்புநிதியும் ஓய்வூதியமும் இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் கல்லூரிக்குப் போகிறது. 2019இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தபோது, பொறியியல் படித்தவர்கள் உட்பட ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். அரசுச் சம்பளம் இருந்தால் இந்த வேலைக்கும் போட்டி வருகிறது. கூலி கெட்ட இடத்தில்தான் சாதி ஆள் பிடிக்கிறது.

புனே வேறொரு பாடம் தருகிறது. அங்கே குப்பை பொறுக்குவோர், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். பின்னர் ‘ஸ்வச்’ என்ற தங்கள் கூட்டுறவின் வழியாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து, வீடு வீடாகக் குப்பை எடுத்து, வீட்டாரிடமே மாதக் கட்டணம் பெற்றார்கள். விற்கக்கூடிய பொருளின் வருமானமும் அவர்களுக்கே. இதிலும் குறை உண்டு: மாநகராட்சிச் சம்பளம் இல்லை, ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் நிச்சயமின்மை. ஆனாலும் இடைத்தரகர் இல்லாமல் வேலை நடக்கும் என்பதை அந்தப் பெண்கள் காட்டிவிட்டார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வார்டின் ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பணம் எடைக்கா, வேலைக்கா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் மாநகராட்சியே கொடுக்கவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருந்தது என்பதைத் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நாளைக் காலை உங்கள் வீட்டுக் குப்பையை நீங்களே பிரித்து, வண்டியோடு வரும் அக்காவின் பெயரைக் கேட்டுக் கொடுங்கள்.

துப்புரவு என்பதைத் தூய்மை என்று மாற்றிவிட்டார்கள். மாறவேண்டியது வேலையின் நிலைமை. அதுவரை நம் எழுத்துக்கும் நம் போராட்டத்துக்கும் ஓய்வில்லை.