இசைச் சுவைஞர் குழாமும் அதன் சமூக அடித்தளமும்: தீவகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

இசையை ஆராய்வோர் பெரும்பாலும் இசைப்போரையே ஆராய்வர். கேட்போரை ஆராய்வது அரிது. இராகம், தாளம், பாணி, குருசீட பரம்பரை ஆகியன பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நமது இசைவரலாற்றாசிரியர், விடியும்வரை மணலிலிருந்து கேட்டவனை 'ரசிகப் பெருமக்கள்' என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுவதுண்டு. கலைப்பொருளானது தன்னைச் சுவைக்கவல்ல பொதுமக்களையும் சேர்த்தே உற்பத்தி செய்கிறது என்னும் கருத்தை மார்க்ஸ் 1857ஆம் ஆண்டுக் குறிப்புகளில் வெளியிட்டார். இதனை மறுபக்கத்திலிருந்தும் நோக்கவேண்டும். சுவைஞர் தம்மைத்தாமே ஒரு குழாமாக ஆக்கிக்கொள்வது எங்ஙனம்? கலைஞன் மறைந்த பின்னரும் குலையாது நிற்கும் குழாம் எதனால் நிற்கிறது? யாழ்ப்பாணத்துத் தீவகம் இவ்வினாவுக்குத் தக்கதொரு களமாகும். அங்கே இசை கேட்பதற்கே கடல் கடக்கவேண்டியிருந்தது.

பண்ணைப் பாலத்தால் வேலணையும் ஊர்காவற்றுறையும், வேலணையூடாகப் புங்குடுதீவும் குடாநாட்டுடன் தரைவழியே இணைந்துள்ளன. நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் குறிகட்டுவான் துறையிலிருந்து புறப்படும் படகுகளையே நம்பியிருக்கின்றன. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு அயற்றீவுகளிலிருந்து வந்தோர், கடைசிப் படகு போனபின் விடியும்வரை அங்கேயே தங்கவேண்டியவராயினர். நாதசுர தவிற் குழுவினர் மாறிமாறி வாசிக்கும் மேளச்சமாவுக்கு எழுந்துபோகாத சபை வாய்த்தமைக்குப் பக்தி மட்டுமன்றிப் படகு நேரமும் ஒரு காரணமெனில் அது மிகையாகாது.

திருவிழா ஒவ்வொன்றும் ஓர் உபயகாரருக்குரியது. நிலமுடையோரும், கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைவைத்து முன்னேறிய தீவக வணிகரும், தத்தம் இரவிற் சிறந்த மேளம் ஒலிக்கவேண்டுமெனப் போட்டியிட்டனர். பணம் அவர்களுடையதாயினும் தீர்ப்பு அவர்கள் கையில் இருக்கவில்லை. அளவெட்டி வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற தவில் மேதையர் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் வாசித்த காலத்தில், தனிவாசிப்பிற் கோத்த கணக்கு எடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்ததா, அரை அட்சரம் முந்தியதா என்ற வழக்கு மறுநாட் படகிலும் தேநீர்க்கடையிலும் தொடரும். எழுத்தறியாத தோட்டக்காரனும் விரல்விட்டு அட்சரம் எண்ணினான். தெரிந்தவன் தெரியாதவனுக்கு எண்ணக் கற்பித்தான். பார்வையாளனைக் குழாத்தின் உறுப்பினனாக்கியது இக்கைப்பழக்கமே. கலைஞன்மீது கொண்ட வியப்பு ஓரிரவில் அடங்கிவிடக்கூடியது. வழக்கு அவ்வாறு அடங்குவதன்று.

எனினும் இதனை மக்கட்கலையின் பொற்காலமென வருணித்து மயங்குவதற்கில்லை. நாதசுரமும் தவிலும் வாசித்த குடும்பங்கள் சாதியடுக்கிற் சேவகம் செய்யும் நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தன. இரவு பொன்னாடை போர்த்தவர் வீட்டுப் பந்தியிற் பகலில் அக்கலைஞருக்குச் சமமான இடம் இருந்ததெனக் கூறமுடியாது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பல கோயில்களின் வாயில்கள் மூடியே கிடந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்தது. ஆகவே 'ஊரே கூடிக் கேட்டது' என்னும்போது அந்த 'ஊர்' யாவர் என்று வினவுவது நமது கடமையாகின்றது. ஒலிபெருக்கி வந்தபின் மதிலால் ஒலியை மறிக்க முடியவில்லை. மரத்திற் கட்டிய குழாய், வெளிவீதிக்கும் அப்பால் நின்றவனிடம் அதே தவிலைக் கொண்டுசென்றது. கேட்கும் வாய்ப்பு இவ்வாறு இயந்திரவழிக் கிடைத்தது. தீர்ப்புக் கூறும் உரிமை கிட்டப் பின்னும் நாட்சென்றது.

வானொலி இதனினும் பெரிய மாற்றத்தை விளைவித்தது. கொழும்பில் 1925 டிசெம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தோன்றியது. 1952இல் இந்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைக் கட்டுப்படுத்தவே, இந்திய நேயர்கள் பெருந்தொகையினராய் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அவர்களை மீட்கும் நோக்குடன் 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. பண்டிதத் தடையொன்று அயல்நாட்டு விளம்பரச் சந்தையை வளர்த்துவிட்ட வேடிக்கை இது. எஸ். பி. மயில்வாகனன், பின்னர் பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா ஆகியோரின் குரல்கள் பாக்குநீரிணையின் இருகரைகளிலும் வீட்டுக்குரல்களாயின.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் எழுதியனுப்பியவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. சந்தை இசையினாற் கேட்கும் ஆற்றலே பின்னடைகின்றது என 1938இல் அடோர்னோ வாதித்தார். அவ்வாதம் இங்கு ஓரளவு பொருந்தும். நேயர் பெயர்ப்பட்டியலும் விளம்பரதாரருக்கு விற்கப்பட்ட பண்டமே. ஆயினும் கோயில் வீதியில் இரவிரவாக ஆடவர்போல் இருந்து கேட்பது இயலாதிருந்த தீவகத்துப் பெண்ணொருத்தி, தன் பெயரையும் தன் தீவின் பெயரையும் வானலையிற் கேட்டபோது நிகழ்ந்ததை அடோர்னோவின் சூத்திரம் விளக்கப் போதாது. வானொலி நேயரைக் கேட்கச் செய்வதோடு நில்லாது பேசவும் செய்யவேண்டுமென 1932இற் பிரெக்ட் கோரினார். அக்கோரிக்கையின் மிக மலிவான நிறைவேற்றம் நமது அஞ்சலட்டை. அதில் வந்த பெயரைக் கேட்டு மற்றொருவர் எழுத, பேனா நட்புகள் கிளைத்தன. வர்த்தகம் கூட்டிய கூட்டம், வர்த்தகம் எதிர்பாராத உறவுகளைத் தானே ஏற்படுத்திக்கொண்டது.

1977இன் பின் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் ஒலிநாடாக் கருவியைப் பரவலாக்கின. அதனை விரிக்க இங்கு இடமில்லை. போர்க்காலமே நமது வினாவுக்கு நேரான விடை தருவது. 1985 மே 15இற் குமுதினிப் படகிற் சென்றோர் வெட்டிக் கொல்லப்பட்டபின் நெடுந்தீவுக் கடற்பயணமே அச்சத்திற்குரியதாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் தீவகம் படையினர்வசமாக, தீவார் பெருந்தொகையினர் குடாநாட்டில் அகதிகளாயினர். குடாநாட்டிலோ மின்சாரம் நின்றுவிட்டது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மக்கள் சைக்கிளை நிறுத்தி, மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலியும் பாட்டும் கேட்டனர். ஒருவர் சுழற்ற ஏனையோர் கேட்டனர். கை ஓய்ந்தால் அடுத்தவர் சுழற்றினார். வேகம் தளர்ந்தால் நாடாவிற் பாடியவரின் குரல் இழுபட்டது. இசைச் சுவைஞர் குழாம் யாது என்பதற்கு இதனினும் தெளிவான வரைவிலக்கணத்தை நாம் எந்நூலிலும் கண்டிலோம். இன்பத்தைப் பங்கிடுவோர் அதற்கான உழைப்பையும் பங்கிட்டனர்.

இன்று பாரிஸ், சூரிச், ரொறன்ரோ முதலாம் நகரங்களில் வாழும் தீவார், உபயத்தைப் பணமாக அனுப்பிவிட்டு மேளத்தைக் கைத்தொலைபேசியிற் கேட்கின்றனர். பழைய உபயகாரரின் இடத்தை இவர்கள் எய்தியுள்ளனர் எனலாம். அட்சரம் எண்ணியவனின் இடத்தை எய்தினரா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் முற்றாக நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. தெட்சணாமூர்த்தி பற்றி அம்ஷன் குமார் 2015இல் உருவாக்கிய ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. கலைஞர் மறைந்து 40 ஆண்டுகளின் பின் அத்தகைய படம் சாத்தியமாயிற்றெனின், அவர் வாசிப்பை நினைவில் வைத்திருந்தோரும் ஒலிப்பதிவுகளைப் பேணியோரும் இருந்தமையே அதற்குக் காரணம். நமது பல்கலைக்கழகங்கள் ஏடுகளையும் நூல்களையும் சேகரித்த அளவுக்குத் திருவிழா அறிவித்தல்களையும் நேயர் கடிதங்களையும் வீட்டு ஒலிநாடாக்களையும் சேகரித்தில. 1970களில் இளைஞராயிருந்து மேளம் கேட்டவர் இன்று எழுபது வயதை அண்மித்தோ கடந்தோ உள்ளனர். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் எஞ்சியுள்ள அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றுவர ஒரு பகற்படகு போதும்.